சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம் எங்கே?

கோடைக்கானலுக்கு மேற்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கல் தொலைவில், ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர் பூம்பாறை. அதைக் கண்டு மீள்வோர் இரண்டினைத் தவறாமல் சொல்வர்: மலைச்சரிவில் படிப்படியாய் இறங்கும் பூண்டு வயல்கள் ஒன்று, குழந்தை வேலப்பர் கோயில் மற்றொன்று. அம்மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைவரை இறங்கிச் சென்று விலைபேசப்படுகின்றது; புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மண்ணில் விளைந்த பூண்டுக்குப் பெயரும் விலையும் உண்டு. அவ்வூர்ப் பிள்ளைகளை எழுத்தறிவிக்கும் பணியில் ஆசிரியர்க்குக் கைகொடுக்கும் பெண்ணுக்கோ உரிய பெயரும் இல்லை. உரிய கூலியும் இல்லை.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என நீளும் மேல்மலையூர்களின் பள்ளி நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் மொத்தம் அறுபது பிள்ளைகள் வரை இருப்பின் இரண்டு ஆசிரியர் போதும். வகுப்போ ஐந்து, ஆசிரியரோ இருவர். ஒருவர் நான்காம் வகுப்பிற்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதே அறையில் ‘அ’ எழுதத் தெரியாமல் விழிக்கும் முதல் வகுப்புப் பிள்ளை யார் முகத்தைப் பார்க்கும்? ஆசிரியர் கீழ்நாட்டினின்று ஏறிவருபவராயின், மழையாலோ மஞ்சாலோ பேருந்து தாழ்த்த நாளில் அவ்விருவரும் ஒருவராவர்.

அந்த நேரத்தில் பிள்ளையின் கைபற்றி எழுத வைப்பவள் அதே ஊர்ப் பெண். அக்குழந்தையின் வீடு எது, அதன் தாய் இன்று பூண்டு பறிக்கப் போனாளா, நேற்றிரவு அது காய்ச்சலில் கிடந்ததா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிள்ளை அவளை ‘மிஸ்’ என்று அழைப்பதில்லை, ‘அக்கா’ என்கின்றது. வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே அவளே பாலம். மலைப்பேச்சில் ஒரு பொருளுக்கு வழங்கும் சொல்லையும் நூலில் அச்சிட்டுள்ள சொல்லையும் அருகருகே வைத்துக் காட்ட அவளால் இயலும். பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கும் வெளியூரினராயின் அது முதலாண்டில் கைகூடாது.

இத்தகையவளுக்கு அரசும் குமுகாயமும் இட்டுள்ள பெயர்களைப் பாருங்கள். ‘ஆயா’ என்பது போர்த்துகீசியச் சொல். வெள்ளையர் வீட்டுக் குழந்தையைத் தூக்கித் திரிந்த பணிப்பெண்ணின் பெயர். ‘அங்கன்வாடி’ இந்தியிலிருந்து வந்தது. முற்றம் என்னும் பொருளது. இவை அயற்சொற்கள், களைந்துவிடலாம். ‘தன்னார்வலர்’, ‘மதிப்பூதியம்’, ‘ஊக்கத்தொகை’ என்பனவோ நல்ல தமிழ்ச் சொற்கள். அந்த நல்ல தமிழைக் கொண்டே உழைப்பவள் கூலியை மறைத்திருக்கின்றார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது. தூயதமிழ்ச் சொல் ஒன்றைப் பொய்க்குப் போர்வையாக்குவது, அயற்சொல்லை ஆள்வதினும் தமிழுக்கு இழைக்கும் பெருந்தீங்கு. சம்பளம் என்னும் சொல்லை, உழைத்தவனுக்கு அளந்த நெல்லையும் உப்பையும் குறித்த சொல்லாகச் சொல்லாய்வர் ஒருசாரார் விளக்குவர். நெல்லும் உப்பும் உலையில் இடத்தக்கவை. மதிப்பை எந்த உலையில் இடுவது?

ஆசிரியர்க்குத் துணைநிற்பாரை வகுப்பில் வைத்தல் மேலைநாட்டார் கண்ட புதுமுறை என்று கல்வித்துறையார் சிலர் எண்ணுகின்றனர். அது வரலாறு அறியாமை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். முதிர்ந்த மாணாக்கன் இளையோர்க்கு முறைவைத்துச் சொல்லிக் கொடுப்பான். அவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவர். இதன் உட்பொருளை நன்னூலார் முன்னரே கண்டிருந்தார். ஆசிரியன் சொல்லக் கேட்பதால் வருவது கால்பங்கு அறிவே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிரம்பும் என்பது அவர் துணிபு. துணைநிற்பவனும் வளர வேண்டும் என்பதே அம்முறையின் உயிர்.

சென்னை எழும்பூரில் வெள்ளைப் படைவீரரின் ஆண்பிள்ளைகட்கென அமைந்த புகலில்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் சுகாத்துலாந்துப் பாதிரியார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் அவ்வாறு செய்யுமாறு உதவியாசிரியரைப் பணித்தார். அவர்கள் அதற்கு இசையவில்லை. உடனே எட்டு அகவைச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே இலண்டனில் அதனை நூலாக்கி வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்றே அது உலகெங்கும் வழங்கலாயிற்று. இலங்காசுதர் என்பாரும் 1798 முதல் இலண்டனில் இத்தகைய முறையிற் பள்ளி நடத்தினார். திண்ணையில் இருந்த சட்டாம்பிள்ளை கடல்கடந்து ஆங்கிலவர்க்கு வழிகாட்டினான்!

இதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சு நிமிர்த்துவதோடு நின்றுவிடுவார் பலர். அதற்கு மேலும் செய்தி உண்டு. ஆங்கிலவர் அம்முறையை விரும்பியதற்கு முதற் கரணியம் அதன் மலிவு. ஓர் ஆசிரியர்க்குக் கூலி கொடுத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கட்டி மேய்க்கலாம் என்பதே அவர்தம் கணக்கு. திண்ணைப் பள்ளியையும் பொன்னுலகமாகக் காட்டவேண்டியதில்லை. சட்டாம்பிள்ளையின் கையிற் பிரம்பும் இருந்தது. ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தார்க்கும் பெண்களுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ திரட்டிய கணக்குப்படி 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. அதே மன்றோ 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மற்றொன்றும் எழுதினார்: ஆசிரியர்க்குத் திங்களுக்கு ஆறேழு உருபாவுக்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுடையார் இத்தொழிலுக்கு வர அது போதாது என்று. அயலான் கண்ணுக்கே அன்று அது பட்டது.

ஆங்கிலவர் தம் நாட்டில் அம்மலிவின் தீங்கை அரை நூற்றாண்டில் உணர்ந்தனர். கூலியில்லாச் சிறுவன் சொல்லிக் கொடுப்பது கிளிப்பிள்ளைப் பாடமாய் முடிவதைக் கண்டு, 1846இல் மாணவ ஆசிரியர் முறையைக் கொணர்ந்தனர். பதின்மூன்று அகவையில் சேர்பவர்க்கு ஐந்தாண்டுப் பயிற்சி. முதலாண்டில் பத்துப் பவுன், ஐந்தாமாண்டில் இருபது பவுன் ஊதியம். தேர்ச்சி பெறுவார்க்குப் பயிற்சிக் கல்லூரி செல்ல அரசின் உதவித்தொகை. அமெரிக்காவின் நியூயார்க்கிலும் பள்ளி உதவியாளராய்க் குறைகூலிக்கு உழைத்தவர் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களும் இசுபானியம் பேசும் குடிப் பெண்களுமே. அவர்கள் ஆசிரியர் சங்கத்தோடு இணைந்து 1970இல் ஒப்பந்தம் கண்டனர். ஊதியம் உயர்ந்ததுமன்றி, கல்லூரியிற் பயின்று ஆசிரியராகும் வழியும் திறந்தது. வித்து தமிழ்நாட்டினது, விளைச்சல் கண்டோர் பிறர்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 1975இல் நடுவணரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது, 1982இல் ம.கோ. இரா. அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. ஊர்தோறும் பெண்கள் பணிக்கமர்ந்தனர். பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த அத்திட்டங்களின் பயனை மறுப்பார் இல்லை. ஆயினும் உழைத்த பெண்கள் ‘மதிப்பூதியம்’ பெறுவோராகவே நிறுத்தப்பட்டனர். 2012இல் ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர் திங்களுக்கு 5,000 உருபாத் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. இனிய தமிழ்ப் பெயர். அதைச் சூட்டினாரைப் பாராட்டலாம். மாலை நேரத்தில் ஒன்றரை மணிவரை பிள்ளைகளை இருத்திச் சொல்லிக் கொடுத்த பெண்களுக்குத் திங்களுக்குக் கிடைத்தது 1,000 உருபா. அதில் எத்தனை நாள் உலை பொங்கும்?

“அவர்கள் விரும்பி வந்த தொண்டர்கள்” என்பர் அலுவலர். தொண்டுக்கு வருகைப் பதிவேடும் மேற்பார்வையும் ஏன்? வேலைக்குரிய கட்டுப்பாடெல்லாம் வேண்டும், வேலைக்குரிய கூலி மட்டும் வேண்டா என்பது எந்த நாட்டு முறை? இவ்வழக்குக்கு விடை வந்துவிட்டது. 2022 ஏப்பிரல் 25ஆம் நாள் உச்சநீதிமன்றம், குழந்தைகள் மையப் பணியாளரும் உதவியாளரும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடை பெற உரியவர் எனத் தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று எப்பெயரிட்டு அழைத்தாலும் அது அச்சட்டத்தின் கண்ணில் ஊதியமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கூலி உயர்ந்தாற் போதும் என்று அமைவதும் தவறு. உத்தரப்பிரதேசத்தில் நேர்ந்ததை நினைவிற் கொள்ள வேண்டும். அங்கே சிற்றூர்ப் பள்ளிகளிற் குறைகூலிக்கு அமர்த்தப்பட்ட ‘சிட்சாமித்திரர்’ ஓராயிரம் ஈராயிரம் பேரல்லர், இலக்கத்தையும் தாண்டியவர். ஆண்டுக்கணக்கில் அவர்களை வேலைவாங்கிய அரசு, காலம் கடந்து ஆசிரியராக்கிற்று. ஆசிரியர்க்குரிய தகுதி அவர்கட்கில்லை என்று 2017 சூலையில் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. பிழை எவருடையது? வேலைக்கு எடுத்த நாளிலேயே படிக்கவும் தேர்வெழுதவும் வழிவகுத்திருந்தால், அத்தனை குடும்பங்கள் தெருவில் நின்றிருக்குமா? தகுதியைக் கேட்பது குற்றமன்று. பிள்ளைக்குத் தகுதியான ஆசிரியரே வேண்டும். தகுதி பெறும் வழியை அடைத்துவிட்டுத் தகுதியில்லை என்பதே கொடுமை. உதவியாளரைக் காட்டி ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்திருக்கும் சூழ்ச்சியும் இதனோடு ஒட்டிப் பிறந்ததே. துணை என்பது ஆசிரியர் உள்ள இடத்தில் நிற்பது.

பூம்பாறைப் பெண்ணுக்கு அவ்வழியைத் திறப்பது மலையைப் புரட்டும் வேலையன்று. பெண்களுக்கென்றே 1984இல் தமிழக அரசு நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கோடைக்கானலிலேயே உள்ளது. மேல்மலையூர்ப் பள்ளிகளிலும் குழந்தைகள் மையங்களிலும் துணைநிற்கும் பெண்களுக்காகவே ஒரு பயிற்சிப் படிப்பை அங்கே அரசு தொடங்குக. கோடை விடுமுறையிலும் கிழமையிறுதியிலும் வகுப்பு நடக்கட்டும். வகுப்பறையில் அவர்கள் செய்த வேலையும் பயிற்சிக் கணக்கிற் சேரட்டும். படிக்கும் நாள்களுக்குக் கூலி பிடித்தல் கூடாது. பேருந்துச் செலவையும் தங்குமிடத்தையும் அரசே ஏற்கட்டும். தேர்ச்சி பெற்று ஆசிரியர் தகுதித் தேர்விலும் வென்றவர்க்கு மேல்மலைப் பள்ளிகளில் முன்னுரிமை தருக. அதுவரை அவர்களைத் ‘துணையாசிரியர்’ என்று பதிவேட்டில் எழுதுக. திங்கள்தோறும் தருவதைச் சம்பளம் என்றே எழுதுக.