புகைக்கு ஏழு கேள்வி, புட்டிக்கு ஒரு மன்னிப்பு

கஞ்சாவைப் போதைப்பொருள்களின் முதலாம் பட்டியலிலிருந்து சற்றே தளர்வான மூன்றாம் பட்டியலுக்கு இறக்கலாம் என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 2024 மே மாதம் முன்மொழிந்தது முதல், அரசின் இரகசிய ஆவணங்களைப் பார்க்கத் தகுதியுடையவர் என ஒருவருக்கு அளிக்கப்படும் ‘பாதுகாப்பு அனுமதி’யின் விதிகளும் இனித் தளர்ந்துவிடும் என்று ஒரு சாராரும், தளர்ந்தால் நாடு தாங்காது என்று மற்றொரு சாராரும் வாதிட்டுவருகின்றனர். மருத்துவரின் சீட்டு இல்லாமல் புகைப்பது மூன்றாம் பட்டியலிலும் குற்றமே என்பதால் இந்தச் சண்டைக்கே பெரிய பொருளில்லை. விண்ணப்பப் படிவத்தில் எழுதப்படும் பொய்யைப் பற்றியோ எவரும் வாய் திறக்கக் காணோம்.

2017இல் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி அனுமதிக்கான தகுதி 13 நெறிகளால் அளக்கப்படுகிறது. அவற்றுள் ‘எச்’ நெறி போதைப்பொருளையும், ‘ஜி’ நெறி மதுவையும், ‘இ’ நெறி பொய், மறைப்பு உள்ளிட்ட தனிநடத்தையையும் ஆராய்கின்றன. பழைய பழக்கம் காலத்தால் விலகியிருந்தாலோ, இனித் தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டுத் தந்தாலோ ‘எச்’ நெறி இரங்குகிறது. கடந்தகாலக் கஞ்சாப் பழக்கம் மட்டுமே தகுதியைத் தீர்மானிக்காது என்று அப்போதைய தேசிய உளவுத் துறை இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸும் 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தினார். ‘இ’ நெறியோ, பிடிபடுவதற்கு முன் தானாகவே முன்வந்து உடனே திருத்திக்கொண்டவரிடமே பெரும்பாலும் இரக்கம் காட்டுகிறது. தெரிந்தே எழுதிய பொய்க்கு ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு.

இவ்வளவு சரியாகச் சிந்தித்த அரசு, எஸ்எஃப்-86 எனப்படும் நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட படிவத்தின் 23ஆம் பகுதியில், ஏழாண்டுகளில் போதைப்பொருள் தொட்டதுண்டா என்று கேட்டு, மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும் அதையும் எழுதவேண்டும் என்கிறது. டென்வர் நகரக் கடையில் வரி செலுத்தி, ரசீது வாங்கி, கஞ்சா வாங்கிய இளம் பொறியாளர் ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிடுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவது இயல்பே. உண்மையான பதில் குற்றவழக்கில் அவருக்கு எதிரான சாட்சியமாகாது என்று அதே பகுதி உறுதியளித்தாலும், வேலை போய்விடாது என்று அது சொல்வதில்லை. குற்றமாகவே அவர் கருதாத ஒன்றை மறைக்கத் தூண்டிவிட்டு, மறைத்ததைக் குற்றமாக்கும் இந்த ஏற்பாட்டை, பூனைக்குப் பால் வைத்துவிட்டுத் தடியோடு காத்திருக்கும் காரியம் என்பதன்றி வேறென்ன சொல்வது?

மதுவின் கதையோ நேர்மாறானது. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985 முதல் சோவியத் உளவுத் துறைக்குத் தகவல்களை விற்றார்; அவர் காட்டிக்கொடுத்தவர்களுள் குறைந்தது பத்துப் பேர் கொல்லப்பட்டனர். அவருடைய குடி அலுவலகம் அறிந்த செய்தி. ரோம் நகரில் ஒரு தூதரக விருந்துக்குப் பின் போதையில் தெருவில் விழுந்து கிடந்து, மருத்துவமனையில் கண்விழித்த பிறகும் அவர் பணியில் நீடித்தார். 5,40,000 டாலர் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கியபோது, மனைவியின் கொலம்பியக் குடும்பம் வசதியானது என்ற பொய்யும் எடுபட்டது. 1986இலும் 1991இலும் பொய்யறியும் கருவியையும் கடந்துவிட்ட அவர், 1994 பிப்ரவரியில்தான் கைதானார். கஞ்சாவுக்கு ஏழாண்டுக் கணக்குக் கேட்போர் இந்தப் புட்டியின் கணக்கை ஏன் ஒருமுறையேனும் படிக்கவில்லை? தவறாமல் தேவாலயம் சென்ற எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சன் 1979இல் தொடங்கிய உளவு வேலை 2001 வரை நீண்டதற்கும் புகை காரணமன்று.

ஒரு சட்டத்தை மீறியவர் எல்லாச் சட்டத்தையும் மீறுவார் என்போரின் வாதம் வேகக்கட்டுப்பாட்டை மீறியவரையும் ஒற்றராக்கிவிடும். அதற்குமேல் அதற்கு மறுமொழி தேவையில்லை. மெய்யான ஆபத்து படிவத்தில் மறைக்கப்படுவதில்தான் இருக்கிறது. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படை வளாகத்தில் 12 பேரைச் சுட்டுக்கொன்றவர், அனுமதி பெற்றவர். சியாட்டிலில் ஒரு காரின் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கைதானதை அவர் படிவத்தில் எழுதவில்லை. அனுமதிக்கான பின்னணி விசாரணை அறிக்கையோ, துப்பாக்கியைக் குறிப்பிடாமல், டயர்களின் காற்றைப் பிடுங்கினார் என்று முடித்துக்கொண்டது. விண்ணப்பதாரர் எழுதாததைத் தேடவேண்டிய துறையே பாதியை விழுங்கியது.

ஆகவே 23ஆம் பகுதியை அடியோடு நீக்கிவிட்டு, அதற்குச் செலவாகும் ஆள்பலத்தை எஞ்சிய பதில்களைச் சரிபார்க்கத் திருப்பவேண்டும். அவற்றுள் தெரிந்தே சொன்ன பொய் ஒன்று பிடிபட்டாலும் அனுமதி வாழ்நாள் முழுவதும் கிடையாது என்றாக்கவேண்டும்.