டாக்டர் படிப்பும் பணப் பையும்

சென்னை கோபாலபுரத்தில் மாடி வீட்டுப் பிள்ளையும், அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் பிள்ளையும் ஒரே வருஷத்தில் பிளஸ் டூ முடிக்கலாம். இருவருக்கும் டாக்டராக வேண்டுமென்ற ஆசை இருக்கலாம். இருவருக்கும் ஒரே நீட் பரீட்சை, ஒரே கேள்வித்தாள். இதைவிட நியாயம் என்ன வேண்டுமென்று கேட்கிறது டில்லி சர்க்கார்.

கேள்வித்தாள் ஒன்றுதான். அதற்குத் தயாராகும் செலவைத் தாங்கும் சக்தியும் ஒன்றா?

2019-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். தனிப் பயிற்சிக்குப் போகாமல் இடம் பெற்றவர்கள் 48 பேர்! இது நம்முடைய கணக்கல்ல. சென்னை ஐகோர்ட்டின் முன் வைக்கப்பட்ட கணக்கு. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. பள்ளி முடித்தபின் காத்திருந்து, மறுபடி முயன்று மருத்துவக் கல்லூரியில் நுழைந்தவர்கள் 2016-17-ல் நூற்றுக்கு 12 பேர். 2020-21-ல் நூற்றுக்கு 71 பேர்!

ஒரு வருஷம் காத்திருப்பது என்றால் என்ன? வளர்ந்த பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் சோறு போட வேண்டும். பயிற்சிக் கட்டணமும் விடுதிச் செலவும் கட்ட வேண்டும். வசதியுள்ள வீட்டில் இது ஒரு வருஷம், அவ்வளவுதான். கூலிக்காரர் வீட்டுப் பெண்ணோ, முதல் தடவை தவறினால் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அவளுக்குத் தகுதியில்லை என்று ஊர் பேசும். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், குழுமூர் அனிதா, 1,200-க்கு 1,176 வாங்கியும் 2017-ல் இதே பேச்சைத்தான் கேட்க நேர்ந்தது.

பழைய முறை சொர்க்கமாக இருந்ததென்று நாம் சாதிக்கவில்லை. 1984-ல் வந்த நுழைவுத் தேர்வைக் கோபாலபுரவாசியான கருணாநிதியின் சர்க்கார் 2006-ல் சட்டமியற்றி ஒழித்தது. பிறகும் நாமக்கல் விடுதிப் பள்ளிகள் மார்க்கை விலைக்கு விற்கத்தான் செய்தன. ஆனால் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு சந்து திறந்திருந்தது. நீட் அதையும் அடைத்தது.

தகுதி, தகுதி என்று முழங்குகிறவர்கள் 2023-ல் என்ன செய்தார்கள்? முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதிக்கான பெர்சென்டைலைப் பூஜ்யமாக்கினார்கள்! பல லட்ச ரூபாய் கட்டணம் கட்டக்கூடியவனுக்குத் தகுதி இப்படி வளைந்து கொடுக்கிறது. ஏழைக்கு மட்டும் இரும்புக் கதவு.

நீட் விலக்கு மசோதாவைச் சட்டசபை 2021-லும் 2022-லும் நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் மறுத்துவிட்ட செய்தி 2025 ஏப்ரலில் சபைக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு மாநிலத்து மக்களின் ஏகோபித்த குரலுக்கு இதுதான் மரியாதை!

2020-ல் வந்த 7.5 சத ஒதுக்கீடு நல்ல காரியம். முன்பு விரல்விட்டு எண்ணும்படி நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், இதனால் முதல் வருஷமே நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். கட்டணத்தையும் சர்க்கார் ஏற்றது. ஆனால் சர்க்கார் உதவிபெறும் தனியார் பள்ளிகளில் தமிழில் படிக்கும் தொழிலாளர் பிள்ளைகள் இதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுடைய தகப்பன்மாரும் அதே ஆட்டோவைத்தான் ஓட்டுகிறார்கள், அதே சுமையைத்தான் சுமக்கிறார்கள். ஒதுக்கீட்டை அவர்களுக்கும் விரிவாக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு கட்ட வேண்டும். 1976-ல் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோன கல்வியை மாநிலத்திடம் திருப்பித் தர வேண்டும்.