தாய்லாந்தின் அங்காடிகள்

அயல்நாடு காணச் செல்வோர் அரண்மனையையும் கோயிலையும் முதற்கண் நாடுவது இயல்பு. ஆயினும், அந்நாட்டு மக்கள் இன்று எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதை அறிய விழைவார்க்கு அங்காடியே தக்க இடம். தாய்லாந்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால், அங்காடி என்று பெயர் பெற்றன எல்லாம் அங்காடி ஆகா.

பாங்காக்கு நகருக்குத் தென்மேற்கே தம்னன் சதுவாக் என்னும் கால்வாய் உள்ளது. மோங்குத் மன்னரின் ஆணையால் 1866 இல் வெட்டத் தொடங்கிய இக்கால்வாய் 1868 இல் முடிவுற்றது. ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள இது, தாச்சின், மெக்லோங் என்னும் இரண்டு ஆறுகளை இணைக்கிறது. சாலைகள் அரியவாயிருந்த அக்காலத்தில் கால்வாயே தெரு, ஓடமே வண்டி. ஓலைத் தொப்பி அணிந்த மகளிர், தோட்டத்துக் காய்கனிகளைச் சிற்றோடங்களில் ஏற்றி வந்து, ஓடத்தோடு ஓடம் உரச நின்று விற்றனர். சாலைகள் பெருகியபின் அவ்வாணிகம் கரையேறிவிட்டது. இன்று கால்வாயில் மிதக்கும் ஓடங்களுட் பல, விசிறியும் தொப்பியும் பொம்மையும் சுமக்கின்றன. வாங்குவோர் பெரும்பாலும் அயல்நாட்டார். விற்போரைக் குறைகூறுதல் முறையன்று. கேட்பவர் மாறினர், பண்டமும் மாறிற்று.

உணவுக்கும் இது பொருந்தும். ஒரு நாள் வந்து போகின்றவன் சுவையற்ற உணவை உண்டு சென்றாலும் கடைக்காரனுக்கு இழப்பில்லை. அவன் மீண்டும் வரப்போவதில்லை அன்றோ? நாள்தோறும் வருகின்ற உள்ளூர்க் கிழவியை அவ்வாறு ஏய்க்க இயலுமா? உப்புச் சற்றுக் குறைந்தாலும் அவள் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். நல்லுணவைக் காப்பவள் அவளே.

2004 இல் புத்துயிர் பெற்ற அம்பவா என்னும் நீரங்காடி இதற்குச் சான்று. வார இறுதியில், பிற்பகல் முதல் இரவு வரை நடைபெறும் அல்லங்காடி அது. ஓடத்தில் அடுப்பு மூட்டி, இறாலும் கணவாயும் சுட்டு, கரைப்படிகளில் அமர்ந்திருப்போர்க்கு எட்டிக் கொடுப்பர். அங்கு வருவோரும் விருந்தினரே. எனினும் அவருட் பலர் அந்நாட்டு மக்கள். தம் உணவின் சுவையை நாவால் அறிந்தவர். ஆதலின் கைத்திறம் இல்லாதார் அங்கு நிலைத்தல் அரிது.

அம்பவாவுக்கு அணித்தாகவே மெக்லோங் சந்தை உள்ளது. அதன் நடுவே இருப்புப்பாதை செல்கிறது. வண்டி வரும் ஒலி கேட்டதும் வணிகர் பந்தற்சீலைகளை மடக்குவர், கூடைகளைப் பின்னிழுப்பர், வண்டி அகன்றதும் மீண்டும் விரிப்பர். இதனைப் படம் பிடிக்கவே பெருங்கூட்டம் கூடுகிறது. தண்டவாளத்தின் அருகே, சிறு மூங்கிற் கூடைகளில், தலை வளைந்த மீன்கள் அடுக்கப்பெற்றிருப்பதைக் காண்போர் சிலரே. பிளாதூ என்பது அம்மீனின் பெயர்; நம் கானாங்கெளுத்தியின் இனம். கூடையில் அடங்கும்பொருட்டு அதன் கழுத்தை மடித்து, உப்புநீரில் அவித்து விற்பர். இறால் விழுதும் மிளகாயும் சேர்த்து இடித்த துவையலோடு அதைப் பொரித்து உண்பது அந்நாட்டு இல்லங்களின் எளிய உணவு.

வண்டி போனதும் கூட்டமும் போய்விடுகிறது. மெக்லோங்கைக் காண விரும்புவோர் அதன்பின் அரைமணி நேரமேனும் அங்கு நிற்றல் வேண்டும். ஊரார் கூடையுடன் வந்து, மீனின் கண்ணை நோக்கி, விலை பேசத் தொடங்குவது அப்பொழுதுதான்.