செவிக்கு எட்டிய பாட்டு, பாடியவர் கைக்கு எட்டியதா?



இணையவழி இசைச் சேவைகளால் ஆப்பிரிக்கப் பாடல்கள் இன்று உலகெங்கும் ஒலிக்கின்றன. நைஜீரியப் பாடகர் ரேமாவின் 'காம் டவுன்' பாடல், செலினா கோமசுடன் இணைந்து பாடிய வடிவில், ஸ்பாட்டிஃபை தளத்தில் 2023ஆம் ஆண்டு நூறு கோடி முறையைத் தாண்டிக் கேட்கப்பட்டது. இது பெருமைக்குரிய செய்தியே. எனினும், கேட்கப்படுவது வேறு. அதனால் வாழ்வு பெறுவது வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

முன்பு லேகோஸ் நகரின் அலாபா சந்தையில் திருட்டு இசைவட்டுகள் மலிந்து கிடந்தன. பாடியவருக்கு அவற்றால் ஒரு காசும் கிட்டவில்லை. 2015இல் பூம்பிளே சேவை டெக்னோ கைப்பேசிகளிலேயே பதியப்பட்டு நைஜீரிய மக்களிடம் வந்தது. ஸ்பாட்டிஃபை 2018இல் தென்னாப்பிரிக்காவிலும், 2021இல் நைஜீரியா, கென்யா, கானா முதலிய நாடுகளிலும் கால்பதித்தது. கேட்பவர் பெருகினர், கணக்கும் பிறந்தது.

வருவாயோ இன்னும் சிறிது. 2024இல் சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஈட்டிய இசைப்பதிவு வருவாய் ஏறத்தாழ 110 மில்லியன் அமெரிக்க வெள்ளி. உலக வருவாயில் அது நூற்றில் அரைப்பங்குகூட இல்லை. அதிலும் முக்கால் பங்கு தென்னாப்பிரிக்காவுக்கே உரியது.

காரணம் வெளிப்படை. சந்தாவும் விளம்பரமும் ஈட்டும் தொகையே பாடல்களுக்குப் பகிரப்படுகிறது. சந்தா குறைவாகவும், இலவசமாகக் கேட்போர் மிகுதியாகவும் உள்ள நாட்டில் ஒரு பாடல் ஒருமுறை ஒலித்தால் கிடைப்பது, செல்வ நாட்டில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே, அயல்நாட்டார் செவியை எட்டுபவர் செழிக்கிறார். கானோ நகரில் ஹௌசா மொழியில் தம் மக்களுக்காகவே பாடுபவர், எத்துணை பேர் கேட்பினும் தளர்கிறார்.

மக்களின் வருமானம் உயர்ந்தால் இந்நிலை தானே மாறும் என்பர் சிலர். ஓரளவு உண்மையே. ஆயினும், தாய்மொழியில் பாடிப் பிழைக்க வழியில்லையெனில், இளைய பாடகர் அதுவரை காத்திரார். விலைபோகும் மொழிக்கு மாறிவிடுவார். எனவே, இவ்வளர்ச்சியை அளக்கும் கோல் ஒலித்த எண்ணிக்கையன்று. உள்ளூர் மொழிக் கலைஞரின் வாழ்வே என்பது என் கருத்து.

மொழி கற்பிக்கும் நமக்கு இது அயலார் கதையன்று. பிள்ளைகள் ஓர் ஆப்பிரிக்கப் பாடலைக் கேட்கும்போது, அது எம்மொழிப் பாடல், பாடியவருக்கு என்ன கிடைக்கும் என்று வினவப் பழக்குவோம். இலவசமாய் வருவதற்கும் எவரோ விலை கொடுக்கின்றார் என்பதை அவர்கள் உணரட்டும்.