மணல் எல்லோருக்கும், மனை சிலருக்கு

பணம் சேரச் சேர அக்கம்பக்கம் மறந்துபோகும், மதில் உயரும், எதிர்வீட்டுக்காரர் முகம்கூடத் தெரியாது என்று பணக்கார ஊர்களைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக் கரையோரம் இருக்கும் மன்ஹாட்டன் பீச் இந்த நினைப்பைப் பொய்யாக்கும் ஊர். சுமார் 35,000 பேர் வாழும் இந்தச் சிறுநகரில் சாதாரண வீட்டுக்கே பல மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும். ஆனாலும் கடலை ஒட்டிய வீதிகளில் மனைகள் குறுகலானவை. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கார் நுழைய முடியாத நடைவீதிகள் பல உண்டு. அவற்றில் வீட்டு வாசல் நேராக நடைபாதையைப் பார்த்திருக்கும். இடுப்புயர வேலிக்கு உள்ளிருந்தே போகிறவர் வருகிறவரோடு பேசலாம். அக்டோபரில் ஊர்த் திருவிழா, டிசம்பரில் கடற்பாலத்தில் வாணவேடிக்கை, கோடையில் 1960 முதல் நடந்துவரும் மணல் வாலிபால் போட்டி என்று ஆண்டு முழுவதும் கூட்டம் கூடும். அந்தப் போட்டியில் வென்றவர்களின் பெயரை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கடற்பாலத்துத் தரையிலேயே பதித்துவைக்கிறார்கள். ஊர் என்ற உணர்வு அங்கே உயிரோடுதான் இருக்கிறது.

இருப்பதை இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த உணர்வு எதன்மேல் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. நல்ல மனிதர்கள் ஓரிடத்தில் கூடினார்கள், அதனால் நல்ல ஊர் அமைந்தது என்று அதன் அபிமானிகள் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. அங்குள்ள ஒற்றுமையைச் சட்டமும் வரியும் மனை விலையும் சேர்ந்து வளர்த்திருக்கின்றன. உள்ளே வரக்கூடியவர்களை வாசலிலேயே வடிகட்டிய பிறகு, வந்தவர்களுக்குள் விளைந்த ஒற்றுமை அது.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சொத்து மதிப்பை வைத்துப் பள்ளிக்குப் பணம் ஒதுக்கினால் ஏழை ஊர்ப் பிள்ளைகள் பின்தங்கிப்போவார்கள் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971இல் செரானோ வழக்கில் சொன்னது. 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குக் கட்டிப்போட்டது. வீடு கைமாறாத வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஆக, வசதியான ஊர் தன் வரிப்பணத்தைத் தன் பள்ளிக்கே அள்ளிக்கொட்டும் வழி பெரும்பாலும் அடைபட்டது. மன்ஹாட்டன் பீச் வேறு வழி கண்டது. 1983இல் பெற்றோர்கள் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். இன்று அது ஆண்டுதோறும் பல மில்லியன் டாலர் திரட்டி அரசுப் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளத்துக்கே கொடுக்கிறது. நன்கொடைக்கு வரிவிலக்கும் உண்டு. சொந்த ஊர்ப் பள்ளிக்குக் கொடுப்பதில் குற்றம் காண முடியாது. ஆனால் பள்ளி நன்றாக இருப்பதால் வீட்டு விலை ஏறுகிறது, விலை ஏறுவதால் கொடுக்கக்கூடியவர்களே குடிவருகிறார்கள், அவர்கள் கொடுப்பதால் பள்ளி இன்னும் நன்றாகிறது. நீதிமன்றம் மூடிய கதவு நன்கொடை என்ற பெயரில் திறந்துகொண்டது. 13ஆம் முன்மொழிவுக்கும் இன்னொரு முகம் உண்டு. பக்கத்துப் பக்கத்து இரண்டு வீடுகளில், எழுபதுகளில் வாங்கியவர் செலுத்தும் வரியைப்போலப் பல மடங்கு சென்ற ஆண்டு வாங்கியவர் செலுத்துகிறார். பழையவர் ஊரைவிட்டு நகராததற்கு ஊர்ப்பாசம் ஒரு காரணம் என்றால் இந்தச் சலுகை இன்னொரு காரணம்.

இதெல்லாம் சந்தை செய்த வேலை, யாரும் யாரையும் தள்ளிவைக்கவில்லை என்பார்கள். இங்கேதான் ஊரின் வரலாறு குறுக்கே வருகிறது. 1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் 1,225 டாலருக்குக் கடலோர மனை ஒன்றை வாங்கினார். கணவர் சார்லஸ் ரயிலின் உணவுப்பெட்டியில் சமையல்காரர். மற்ற கடற்கரைகள் பெரும்பாலானவற்றில் கறுப்பினத்தவர் கால் நனைக்கவே முடியாத காலத்தில், உணவகம், நடன அரங்கு, உடைமாற்றும் அறை என்று அவர்களுக்காக ஒரு விடுதியை அந்தத் தம்பதி நடத்தினார்கள். தொல்லைகள் தொடர்ந்தன, வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானின் பெயரும் அதில் அடிபட்டது. அவர்கள் அசையவில்லை. 1924இல் நகர்மன்றம் பூங்கா அமைக்கப்போவதாகச் சொல்லி, புரூஸ் குடும்பத்தின் இடத்தையும் சுற்றியிருந்த வேறு சில கறுப்பினக் குடும்பங்களின் மனைகளையும் கையகப்படுத்தத் தீர்மானித்தது. ‘பொது நோக்கம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நிலம் இழந்தவருக்கு ஏற்படும் கிலி நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. புரூஸ் தம்பதி 1,20,000 டாலர் கேட்டார்கள். 14,500 டாலர் கிடைத்தது. பூங்கா உடனே வந்ததா என்றால், இல்லை. நிலம் பல பத்தாண்டுகள் வெறுமனே கிடந்தது. ஊருக்குள் இன்று கறுப்பினத்தவர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதை வெறும் சந்தைக் கணக்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

தாத்தா செய்ததற்குப் பேரன் பொறுப்பா என்ற கேள்வி இதற்குப் பிறகும் வரும். நியாயமான கேள்விதான். இன்றைய குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் வேறெங்கிருந்தோ வந்து, கடன்பட்டு வீடு வாங்கியவர்கள். ஆனால் நகர்மன்றம் தனிமனிதன் அல்ல. நூறு ஆண்டுகளாகத் தொடர்ந்துவரும் ஒரே அமைப்பு. தகடு பதித்து வெற்றியாளர் பெயரைக் காக்கத் தெரிந்த ஊருக்குத் தீர்மானப் புத்தகத்தையும் நினைவில் வைக்கத் தெரிய வேண்டும். 2021இல் மன்னிப்புக் கேட்பதா என்ற விவாதம் வந்தபோது, நடந்ததை ஒப்புக்கொண்டு கண்டிப்பதோடு நகர்மன்றம் நின்றுகொண்டது. மன்னிப்பு என்ற சொல்லுக்கு அன்று பெரும்பான்மை கிடைக்கவில்லை. வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சமும் பேசப்பட்டது. நிலத்தைத் திருப்பிக்கொடுத்தது ஊர் அல்ல. அந்த மனைகள் காலப்போக்கில் மாநிலத்துக்கும் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டிக்கும் போயிருந்தன. அதே 2021இல் மாநில அரசு சட்டம் இயற்றி, நிலத்தைக் கைமாற்ற இருந்த தடையை நீக்க, 2022இல் கவுன்ட்டி அவற்றைப் புரூஸ் வாரிசுகளிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டு அவர்கள் ஏறக்குறைய 2 கோடி டாலருக்குக் கவுன்ட்டிக்கே விற்றார்கள். திரும்பக் கிடைத்ததை விற்றுவிட்டார்களே என்று குறைபட்டவர்கள் உண்டு. அங்கே நிற்பது கடலோர உயிர்காப்பாளர்களின் கட்டடம். நிலப் பயன்பாட்டு விதிப்படி வாரிசுகள் தாங்கள் விரும்பிய எதையும் அங்கே கட்டிவிட முடியாது. அவர்கள் விற்றது சரியே.

கடற்கரை எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது என்பது கடைசி வாதம். திறந்திருக்கிறது, உண்மை. அந்தப் பெருமை ஊருக்குச் சேராது. அலை நனைக்கும் மணல் மக்கள் சொத்து என்பது மாநிலச் சட்டம். 1976ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் அணுகும் உரிமையைக் காக்கிறது. மணலைச் சுத்தம் செய்வதும் உயிர்காப்பாளர்களை நிறுத்துவதும் கவுன்ட்டி. பக்கத்து ஊரின் பெயரில் ‘ரெடொண்டோ பீச்’ என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. பெயரில் இருக்கும் பீச்சுக்கு அங்கிருந்து சில மைல் போக வேண்டும். கார் இல்லாதவருக்குத் திறந்த கடற்கரையும் தூரம்தான்.

பகலில் வந்துபோகிறவரை ஊர் பொறுத்துக்கொள்கிறது. இரவு தங்கிக் குடியேற நினைப்பவர் வரும்போதுதான் அதன் மனம் தெரியும். வடகோடியில் ஹைரோஸ் என்ற 79 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டம் வந்தபோது, உயரம், நெரிசல், பக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று எதிர்ப்பு கிளம்பியது. நெரிசலைப் பற்றிய கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். குறுகலான தெருக்கள் கொண்ட ஊர் அது. 2022இல் நகர்மன்றம் திட்டத்தை நிராகரித்தது. மாநில வீட்டுவசதிச் சட்டத்தின்படி மறுக்க வழியில்லை என்றானதும், 2023 தொடக்கத்தில் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டது. அந்த 79இல் மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை 6 வீடுகள்.