டிரெயிலருக்குச் சங்கிலி எங்கே?

வெட்டு முடிந்து, பால் அளந்து, டாங்கி நிறைந்ததும் டிரெயிலர் புறப்படுகிறது. முன்னே டிராக்டர், பின்னே சுமை. ஆயிரம் லிட்டர் பால் என்றால் கிட்டத்தட்ட ஒரு டன். டாங்கியின் இரும்பும் வண்டியின் எடையும் அதற்கு மேல். இத்தனையையும் டிராக்டரோடு பிணைத்து நிற்பது எது? ஓர் இரும்பு முளை! அந்த முளை குலுக்கலில் மேலே எழும்பாமல் காப்பது எது? பத்துக் காசு பெறாத ஒரு கம்பிக் கிளிப்பு!

முளை கழன்றால் அடுத்த காவல் என்ன என்று தோட்ட நிர்வாகத்தினரைக் கேட்கிறோம். நாம் பார்த்த தோட்டங்களில் இதற்கு விடை இல்லை. சங்கிலி இல்லை, டிரெயிலருக்குத் தனியாகப் பிரேக்கும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததை நாமே கண்டோம். முளை தேய்ந்து போயிற்று. புதிது கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு எழுதினோம். அது வரும் வரையில் பழைய போல்ட் ஒன்றைச் செருகி ஓட்டும்படி உத்தரவாயிற்று. சீட்டு பைலில் தூங்கியது. போல்ட் மேட்டில் அறுந்தது. டிரெயிலர் பின்னோக்கி உருண்டு, வளைவில் நின்ற பால்மரத்தில் மோதிச் சாய்ந்தது. அதே சாலையில் பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் வெட்டுக்காரப் பெண்கள் மோட்டார் சைக்கிளில் வரிசையாக இறங்கிப் போயிருந்தார்கள். மறுநாள் விசாரணையில் எழுந்த முதல் கேள்வி, பால் எத்தனை லிட்டர் வீணாயிற்று என்பது! அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தவர்களும் நாமே. எழுதும்போது கை கூசியது.

டிரைவரைக் குறை சொல்லி இதை மூடிவிடலாம், அப்படித்தான் மூடினார்கள். ஆனால் டிரைவர் என்ன செய்வார்? பாதி நிறைந்த டாங்கியில் பால் சும்மா கிடப்பதில்லை. இறக்கத்தில் முன்னே பாய்கிறது. மேட்டில் பின்னே சாய்கிறது. ஒவ்வொரு முறையும் இழுவைக் கம்பியை இடிக்கிறது. முளை துவாரம் நாளுக்கு நாள் அகன்று போகிறது. செம்பனைக் குலை ஏற்றும் டிரெயிலருக்கும், கட்டிப்பால் ஏற்றும் டிரெயிலருக்கும் இதே கதிதான். கூலிம், பாலிங் பக்கத்து மேடு பள்ளங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. இழுவைக் கம்பிக்குக் கீழே இரண்டு சங்கிலிகள், ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும்படி கட்டப்பட வேண்டும். முளை கழன்றால் கம்பி தரையில் குத்தாது. அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டிலாக ஏந்திக்கொள்ளும். டிராக்டர் திரும்பும் அளவுக்கு நீளம் வேண்டும். தரையில் இழுபடும் அளவுக்குக் கூடாது. டிராக்டரின் உடம்பிலேயே மாட்ட வேண்டும். சிலர் சங்கிலியை அந்த முளையிலேயே மாட்டுகிறார்கள்! முளை போனால் சங்கிலியும் அதோடு போகாதா? சுமையைத் தாங்கும் கனமும் வேண்டும். மாடு கட்டும் சங்கிலி மாட்டுக்குத்தான்.

சுமை பெரிதானால் சங்கிலி மட்டும் போதாது. டிரெயிலருக்குச் சொந்தப் பிரேக் இருக்க வேண்டும். அறுந்த கணமே அது தானாகப் பிடிக்க வேண்டும். இதன் சூட்சுமம் எளிது. டிரெயிலரின் பிரேக் கைப்பிடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி டிராக்டருக்குப் போகிறது. வண்டி பிரிந்தால் கம்பி இறுகிப் பிரேக்கை இழுத்துவிட்டு, அப்புறம் அறுந்து போகிறது. காற்றுப் பிரேக் உள்ள பெரிய லாரி டிரெயிலர்களில் காற்றுக் குழாய் பிய்ந்தாலே சக்கரம் இறுகிவிடும். பிரிட்டனில் 1,500 கிலோவுக்கு மேற்பட்ட டிரெயிலருக்கு இப்படித் தானே பிடிக்கும் பிரேக் கட்டாயம். அமெரிக்கச் சாலை விதியோ, பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிடமாவது விடாமல் நிற்க வேண்டும் என்கிறது.

இந்த அறிவு நேற்று வந்ததா? இல்லை. 1889 ஜூன் 12-ல் அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே ஓர் உல்லாசப் பயண ரயில் மேடு ஏற முடியாமல் திணறியது. ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்ததும் பின்பெட்டிகளின் பிரேக் செத்துப் போயிற்று. கைப்பிரேக்கையும் சக்கரத்தடியில் வைத்த கற்களையும் நம்பி நிறுத்தினார்கள். பெட்டிகள் உருண்டன, பின்னால் வந்த ரயிலில் மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் ஏராளம். அந்த ஆண்டிலேயே, பிரிந்தால் தானே பிடிக்கும் பிரேக் பயணி ரயில்களுக்குக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. 2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரில், இழுத்த வண்டியிலிருந்து பிரிந்த டிரெயிலர் நடைபாதையில் ஏறி, தாயோடு சென்ற மூன்று வயதுக் குழந்தையைக் கொன்றது. பெற்றோர் போராடினர். 2018-ல் டிரெயிலர் பதிவுக்கும் பாதுகாப்பு ஆய்வுக்கும் வழி செய்யும் சட்டம் பிறந்தது. பிணம் விழுந்த பிறகுதான் சட்டம் எழுகிறது. நம் தோட்டத்திலும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்களா?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி ஆபத்தில்லாத வேலையிடமும் யந்திரமும் தருவது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் அதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. இந்தக் கடமையைத் தவறிய முதலாளிக்கு உச்ச அபராதம் முன்பு 50,000 வெள்ளி; இன்று 500,000 வெள்ளி. “டிராக்டர் காண்டிராக்டருடையது, எங்களுக்கு என்ன?” என்று துரைமார் கைகழுவுவதும் இனிச் செல்லாது. வேலையை எப்படிச் செய்வது என்று கட்டளையிடுகிற நிர்வாகம், காண்டிராக்டரின் ஆட்களுக்கும் பொறுப்பு. அந்த ஆட்களில் வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் உண்டு, அவர்களும் நம்மவரே.

இன்னொன்று. பாதுகாப்புக்காகச் செய்த எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சங்கிலி வாங்கிய காசைச் சம்பளச் சீட்டில் கண்டால் உடனே கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, சொல்லியும் நிர்வாகம் சரிசெய்யவில்லையென்றால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் 2024 முதல் நமக்கு உண்டு. புகார் சொன்னதற்காகப் பழி வாங்கினால் அது குற்றம். சொல்லும்போது சாட்சியோடு சொல்லுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். நேரமாகிவிட்டது என்று இழுவைக் கம்பியின் மேல் ஒற்றைக் காலில் நின்று வருகிறோமே, அது என்ன வீரம்? கிளிப்பு தொலைந்தால் ஆணியை வளைத்து மாட்டுகிறோமே, அது என்ன சாமர்த்தியம்? கிராணிமாராகிய நாம், தேடி வந்த சீட்டை “அடுத்த மாத பட்ஜெட்” என்று திருப்பி அனுப்புகிறோமே!

நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருந்தாக வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. சுங்கை பட்டாணியானாலும் பீடோங்கானாலும் பாடாங் செராயானாலும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் மூன்றே கேள்விகளை எழுப்ப வேண்டும். தோட்டத்தில் எத்தனை டிரெயிலர்கள் ஓடுகின்றன? எத்தனைக்குச் சங்கிலி உண்டு? எத்தனைக்குத் தானே பிடிக்கும் பிரேக் உண்டு? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்து, ஒரு பிரதியைக் கிளைக்கு அனுப்புங்கள். பதில் வராத தோட்டங்களின் பட்டியலை நாமே எடுத்துக்கொண்டு தொழிலியல் பாதுகாப்பு இலாகாவின் கதவைத் தட்டுவோம்.