“சோம்பேறி” என்று ஏசுவதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்



எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன: சோம்பேறி, ஃபோன் பைத்தியம், கண்ணூறு. அந்தப் பிள்ளையின் உடம்பில் இரும்புச்சத்து போதாமல் இருக்கலாம் என்று யாரும் பேசுவதில்லை.

ஆசிரியர்களான எங்களுக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியும். இரண்டாம் பாடவேளைக்கே மேசையில் தலை சாய்ப்பார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கீழ் இமையின் உட்பக்கம் வெளிறி இருக்கும். சிலர் வெண்கட்டியும் வேகாத அரிசியும் கடிப்பார்கள். அடித்துத் திருத்த வேண்டிய பழக்கம் அல்ல அது. இரும்புக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். 5 முதல் 11 வயது வரையான பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

புலமைப்பரிசில் வகுப்புக்கு மாதா மாதம் காசு கட்டும் ஊர் இது. மொடல் பேப்பர் கட்டுக் கட்டாக வாங்கும் ஊர் இது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு இரத்தப் பரிசோதனைக்குப் போக மட்டும் ஏன் நேரம் கிடைப்பதில்லை?

அடுத்தது டொனிக் கதை. “எத்தனை போத்தல் குடுத்தும் சரி வரல்ல” என்கிறார்கள் உம்மாமார். டொனிக் குடித்த கையோடு பிளேன்டீயோ பாலோ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. தோடம்பழம், கொய்யா, தேசிக்காய்ச் சாறு போன்றவை சேர உதவும். பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாள் என்றும் பாருங்கள். தலசீமியா மரபணு உள்ள பிள்ளைக்கும் இரத்த ரிப்போர்ட் இதே மாதிரி வரலாம். அதற்கு இரும்பு மருந்தல்ல. இதையெல்லாம் டொக்டர் பார்த்த பிறகு, ஒழுங்காக ஒரு மாதம் மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது கூடவில்லை என்றால் அடுத்த போத்தலுக்கு ஓடாதீர்கள். “ஏன் கூடவில்லை?” என்று கேளுங்கள்.

அதற்கு ஒரு பதில் இரைப்பையில் இருக்கலாம். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. 1980களில் அவுஸ்திரேலிய மருத்துவர்கள் பெரி மார்ஷலும் ரொபின் வொரனும் இதை உலகுக்குக் காட்டினார்கள்; 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. இரைப்பைச் சுவரில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்குவது இதன் வேலை. சிலருக்கு அமிலம் குறையும், இரைப்பைச் சாற்றில் விட்டமின் சீயும் குறையும். இரண்டும் இல்லாமல் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. வயிற்று வலியே இல்லாமலும் இது நடக்கலாம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லோரும் லேபுக்கு ஓட வேண்டாம். இரும்புக் குறைபாட்டுக்கு முதல் காரணம் இன்னும் சாப்பாடுதான். பிள்ளைகளுக்கு, இரத்தத்தில் அன்டிபொடி பார்க்கும் பைலோரி டெஸ்டை நம்ப முடியாது. மருத்துவ வழிகாட்டல்களே அதை வேண்டாம் என்கின்றன. எந்தச் சோதனை என்பதைப் பிள்ளை வைத்தியர் தீர்மானிக்கட்டும். பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்காதீர்கள். இதற்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு குறைந்தது இரண்டு அன்டிபயோட்டிக், வழக்கமாக 14 நாள் கொடுக்கப்படும். அரைகுறையாக நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். கிருமி போனாலும் இரும்பு மருந்தைத் தொடர வேண்டும்.

சிலர் உடனே சஹன் சாப்பாட்டின் மேல் பழி போடுவார்கள். எங்கள் பேச்சு சஹனைப் பற்றியது அல்ல, கையைப் பற்றியது. மலசலகூடத்துக்குப் போய் வந்தும், சாப்பிட முன்னும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டுவதை மூத்தம்மாமார் விடுங்கள்.

எங்கள் கோரிக்கை மூன்று. பெற்றோரே, பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். வாராந்த இரும்பு மாத்திரையை “சூடு” என்று சொல்லித் தடுக்காதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகமே, அந்தத் திகதியை ஜும்ஆவுக்குப் பின் அறிவியுங்கள். சக ஆசிரியர்களே, தூங்கும் பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். உம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பிள்ளை அமானிதம் என்று மேடையில் சொல்கிறோம். அந்த அமானிதத்தின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.